விரிவுரையாளர் சோர்ந்தால் யாருக்கு நட்டம்?

விரிவுரையாளரின் களைப்பைப் பற்றிக் கொழுந்து கொய்பவளும் பால் வெட்டுபவனும் ஏன் கவலைப்பட வேண்டும் என்று சிலர் வினவக்கூடும். அவர்களே முதலிற் கவலைப்பட வேண்டும் என்பது நம் துணிபு.

இரத்தினபுரி மாவட்டத்துப் பெலிகுல்ஓயாவில் 1995இல் எழுந்தது சப்பிரகமுவப் பல்கலைக் கழகம். 2022ஆம் ஆண்டுப் பொருளாதார வீழ்ச்சிக்குப் பின் இலங்கைப் பல்கலைக் கழகங்களை விட்டு விரிவுரையாளர் பலர் கடல் கடந்தனர். ஆட்சேர்ப்புக் கட்டுப்பாட்டால் வெற்றிடங்கள் உடனுக்குடன் நிரம்பவில்லை. 2024இல் கல்விசாரா ஊழியரின் வேலை நிறுத்தம் இரு மாதங்களை விழுங்கியது. இழந்த நாட்களை ஈடுசெய்யப் பருவங்கள் நெருக்கப்படும்போது, இருவர் சுமை ஒருவர் தோளில் ஏறுகிறது. விரிவுரை, விடைத்தாள், ஆய்வு, மாணவர் குறை கேட்டல் அத்தனையும் அவர்க்கே!

இதனால் முதலிற் கெடுபவர் யார்? செல்வர் மகன் பணங்கொடுத்து வேறிடத்தில் கற்பான். கேகாலை இறப்பர்த் தோட்டத்து லயத்திலிருந்து, குடும்பத்தில் முதன்முதலாகப் பல்கலைக் கழகம் புகும் பிள்ளைக்கோ விரிவுரையாளரை விட்டால் வேறு கதியில்லை.

1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 27ஆம் உறுப்புரை, எல்லா மட்டங்களிலும் கல்வி பெறுஞ் சமவாய்ப்பை அரசின் குறிக்கோளாக வைக்கிறது. 29ஆம் உறுப்புரையோ, அதனை நீதிமன்றில் வலியுறுத்த முடியாதென்கிறது. நீதிமன்றக் கதவு அடைபட்டிருக்கையில் மக்கள் மன்றமே வழி.

ஆகவே கேட்போம்: பருவம் தொடங்குமுன் வெற்றிடங்களை நிரப்புக! ஒருவர் கற்பிக்கும் மணிக்கு வரம்பிடுக! ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் தமிழிற் பேசும் உளவள ஆலோசகரை அமர்த்துக! வாக்குக் கேட்டு வருவோரிடம் இம்மூன்றுக்கும் விடை கேளுங்கள்.