புள்ளியியல் சோறு போடுமா?

நேத்து கோரமங்களாவில் நம்ம ஊர்த் தம்பி ஒருத்தர், ஐ.டி. ஆசாமி, பெருமையா சொன்னார்: "அண்ணே, திங்கட்கிழமை மார்க்கெட் இறங்கும்னு டேட்டாவே சொல்லுது. வெள்ளி வித்துட்டு, திங்கள் சாயங்காலம் வாங்கினா லாபம்!"

சொன்னது கதையில்லை. 1953-77 அமெரிக்கச் சந்தையை அலசி, திங்கட்கிழமை சராசரி இறக்கம் 0.17 சதவீதம் என்று 1980-ல் கென்னத் ஃபிரெஞ்ச் எழுதினார். தற்செயல் இல்லை என்று புள்ளியியலும் சத்தியம் செய்தது.

ஆனா நான் பி.காம். ஆச்சே! லட்ச ரூபாய்க்கு மிச்சம் 170 ரூபாய். இங்கே டெலிவரியில் விற்க 0.1, வாங்க 0.1 சதவீதம், எஸ்.டி.டி. மட்டுமே 200 ரூபாய்! புரோக்கரேஜ் தனி.

இருப்பது வேறு, கைக்கு வருவது வேறு. ஊரில் வீடு கட்டச் சேர்த்த காசுய்யா அது! யாராவது டேட்டா காட்டினா ஒண்ணே ஒண்ணு கேளுங்க: செலவு போக எவ்வளவு?