கூலி பாக்கிக்கு எந்த ஊர் கோர்ட்?

நம் நாட்டு நீதிமன்றங்கள் ஒரே ஏணியின் படிகள். அடியில் முன்சீப், மாஜிஸ்திரேட் நீதிமன்றங்கள்; மேலே மாவட்ட நீதிமன்றம்; அதற்கும் மேலே 25 உயர்நீதிமன்றங்கள்; உச்சியில் டில்லி உச்சநீதிமன்றம். அமெரிக்காவில் அப்படியில்லை. அங்கே மத்திய அரசின் நீதிமன்றங்கள் ஒரு வரிசை. 50 மாநிலங்களின் நீதிமன்றங்கள் தனித்தனி வரிசை. இங்கே நாடாளுமன்றம் இயற்றிய சட்டமானாலும், சட்டமன்றம் இயற்றிய சட்டமானாலும், பெரும்பாலும் விசாரிப்பது அதே நீதிமன்றம்தான். ஒரு மாநிலத்தின் உரிமையியல் நீதிமன்றம் தரும் இறுதித் தீர்ப்பை நாட்டின் எந்தப் பகுதியிலும் நிறைவேற்றலாம் என்று அரசியல் சட்டத்தின் 261-ஆவது பிரிவு கூறுகிறது.

ஏணி ஒன்றுதான். ஆனால் அதில் ஏற எந்த ஊரில் கால் வைப்பது? அதற்குப் பெயர்தான் அதிகார எல்லை. பிழைப்பைத் தேடி மாநிலம் விட்டு மாநிலம் வந்த நமக்கு, சட்டப் புத்தகத்திலேயே முக்கியமான சொல் இதுதான்.

1908-ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டம் ஒரு பொதுவிதி வகுத்தது. எதிராளி இருக்கும் ஊரில், அல்லது வழக்குக்குக் காரணம் எழுந்த ஊரில் வழக்குத் தொடர வேண்டும். நிலத் தகராறென்றால் நிலம் இருக்கும் ஊரில். நிலம் இடம் பெயராது. ஆகவே அது நியாயம். ஆனால் தொழிலாளி இடம் பெயர்கிறானே!

மும்பையில் ஆறு மாதம் கட்டட வேலை பார்த்துவிட்டு, கூலி பாக்கியோடு நெல்லைக்குத் திரும்பும் ஒருவனை எண்ணிப் பாருங்கள். வேலை நடந்தது மும்பையில், காண்டிராக்டர் இருப்பது மும்பையில், வழக்கும் மும்பையில். ஒவ்வொரு வாய்தாவுக்கும் ரயில் கட்டணம், தங்கும் செலவு, அன்றாடக் கூலி நட்டம். நான்கு வாய்தாவில் பாக்கித் தொகையே கரைந்துவிடும். காண்டிராக்டருக்கு வக்கீல் கூட வேண்டாம். தூரமே அவருக்காக வாதாடுகிறது. 2020 ஊரடங்கின்போது கூலி வாங்காமலே ஊருக்கு நடந்த தொழிலாளர்களை நாடே பார்த்தது. அவர்களில் எத்தனை பேரால் திரும்பி வந்து வழக்காட முடியும்?

விதி அப்படி, என்ன செய்வது என்பார்கள். விதி மாறாததா? மோட்டார் விபத்தில் அடிபட்டவர் தாம் வசிக்கும் ஊரிலேயே நட்டஈடு கேட்கலாம் என்று 1994-இல் சட்டம் திருத்தப்பட்டது. இந்துத் திருமணச் சட்டப்படி வழக்குத் தொடரும் மனைவி தாம் வசிக்கும் ஊரிலேயே தொடரலாம் என்று 2003-இல் திருத்தினார்கள். நுகர்வோருக்கு அந்த உரிமை 2019-இல் வந்தது. இவையெல்லாம் நல்ல திருத்தங்கள்.

இன்னொன்றையும் பாருங்கள். பணமில்லாமல் திரும்பிய காசோலை வழக்கை, காசோலை கொடுத்தவரின் வங்கிக் கிளை இருக்கும் ஊரில்தான் நடத்த வேண்டும் என்று 2014-இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. கடன் கொடுத்த நிறுவனங்களுக்கும் வணிகர்களுக்கும் அது சங்கடம். மறு ஆண்டே, 2015-இல், சட்டம் திருத்தப்பட்டது. பணம் பெற வேண்டியவரின் கணக்கு இருக்கும் ஊரிலேயே வழக்கு நடத்தலாம் என்றாயிற்று. காசோலைக்குக் காட்டிய அந்த வேகம் கூலிக்கு ஏன் இல்லை?

கூலிக்காரனுக்கும் அப்படி ஒரு வாசல் இருந்ததுண்டு. 1979-ஆம் ஆண்டின் மாநிலம் விட்டு மாநிலம் புலம்பெயர்ந்த தொழிலாளர் சட்டத்தின் 22-ஆவது பிரிவு, வேலை முடிந்து ஊர் திரும்பிய தொழிலாளி, தன்னை ஆள் சேர்த்த மாநிலத்தின் அரசிடமே மனுக் கொடுத்து, தொழில் தகராறை அங்கேயே விசாரணைக்கு அனுப்பச் செய்ய வழி வைத்தது. அந்தச் சட்டம் 2020-இல் இயற்றப்பட்ட தொகுப்புச் சட்டத்துக்குள் கரைக்கப்பட்டது. பழைய சட்டங்களைச் சுருக்கி எளிமையாக்கினோம் என்றார்கள். சுருக்கியதில் சொந்த மாநிலத்து வாசலும் அடைபட்டுப் போயிற்று.

“ஒரு தொழிலாளிக்காக மும்பை முதலாளி நெல்லைக்கு அலைவதா?” என்று கேட்பார்கள். ஆள் தேவைப்பட்டபோது மேஸ்திரியை அனுப்பி முன்பணம் கொடுத்து நெல்லையில்தானே ஆள் சேர்த்தார்கள்? ஆள் பிடிக்க எட்டிய தூரம் பதில் சொல்லவும் எட்டட்டும். வீடியோ மூலம் சாட்சி சொல்லும் காலம் இது, அலைச்சலும் குறைவுதான்.

ஆகவே நம் கோரிக்கை ஒன்றே. ஊர் திரும்பிய தொழிலாளி சொந்த மாநிலத்திலேயே தொழில் தகராறு எழுப்பும் உரிமையை நாடாளுமன்றம் மீண்டும் எழுத வேண்டும். தமிழகத்திலிருந்து போனவர்களுக்கு மட்டுமல்ல. தமிழகத்தில் உழைத்துவிட்டுப் பீகாருக்கும் ஒடிசாவுக்கும் திரும்புகிறவர்களுக்கும் அதே உரிமை வேண்டும். நமக்குக் கேட்பதை அவர்களுக்கு மறுத்தால் அது நியாயமாகாது.

அதுவரை, பாக்கியோடு ரயில் ஏறாதீர்கள். வருகை அட்டை, வங்கிப் பதிவு, காண்டிராக்டர் அனுப்பிய செய்தி எதையும் தொலைக்காதீர்கள். புறப்படுமுன் சங்கத்துக்கு வாருங்கள்; இங்கேயே மனுவைப் பதிவு செய்வோம். 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி தொழிற்சாலைத் தொழிலாளர், பெண்கள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினருக்கு இலவச வக்கீல் உண்டு. அது பிச்சையல்ல, உரிமை. கேட்டு வாங்குங்கள்.