கிணறு யாருடையது, மீட்டர் யாருடையது?

குஜராத்துக்குப் பிழைக்க வந்த நம்மவர் பலருக்கு அங்கலேஷ்வர் தெரியும். 1960-ல் அங்கே எண்ணெய் கண்டார்கள். நாகை மாவட்டத்து நரிமணம் நமக்கு இன்னும் நன்றாகத் தெரியும். அஸ்ஸாமின் திக்பாயில் எண்ணெய் கண்டது 1889-ல். மூன்று இடத்து ஜனங்களும் கேட்பது ஒரே கேள்விதான்: எங்கள் மண்ணுக்கடியிலிருந்து போகிறதே, எங்களுக்கு என்ன கிடைக்கிறது?

கிடைப்பது ராயல்டி. நிலத்தில் எடுக்கும் எண்ணெய், எரிவாயுவின் ராயல்டி மாநில அரசுக்குச் சேரும். கடலில் எடுப்பதற்கு உரியது மத்திய அரசுக்கு. 2016-ல் வந்த கொள்கைப்படி ஏலம் விடும் நிலப்பகுதிகளில் எண்ணெய்க்கு 12.5 சதம், எரிவாயுவுக்கு 10 சதம்.

இந்தக் கணக்கில் மூன்று எண்கள் உண்டு: அளவு, விலை, விகிதம். விகிதத்துக்காக மாநிலங்கள் தில்லியோடு மல்லுக்கு நிற்கின்றன. விலைக்காக வழக்கும் நடந்தது. கழிவு போக மிஞ்சிய விலைக்கு அல்ல, கழிவுக்கு முந்திய விலைக்கே ராயல்டி கட்ட வேண்டும் என்று 2013-ல் குஜராத் உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நல்ல தீர்ப்பு. ஆனால் முதல் எண்ணான அளவைப் பற்றி நம் தலைவர்கள் அதிகம் பேசுவதில்லை. அதை எழுதுகிறவர் யார்? எண்ணெய் எடுப்பவரே எழுதி, மாதந்தோறும் கணக்குக் கொடுக்கிறார்.

கிணற்றிலிருந்து எண்ணெய் தனியாக வருவதில்லை. தண்ணீரும் வாயுவும் கலந்தே வருகிறது. பல கிணறுகளின் வரத்தை ஒரே நிலையத்தில் சேர்த்துப் பிரிக்கிறார்கள். டேங்கில் நாடா இறக்கி உயரம் பார்க்கிறார்கள், அல்லது மீட்டர் வைக்கிறார்கள். சூட்டில் எண்ணெய் விரியும் என்பதால் வெப்பத்துக்குத் திருத்தம் போட வேண்டும். தண்ணீரைக் கழிக்க வேண்டும். ஒரு வயலில் நாளொன்றுக்கு ஆயிரம் பீப்பாய் எண்ணெய் என்று வைத்துக்கொள்வோம். தண்ணீரை ஒரு சதம் கூட்டி எழுதினால் வருஷத்துக்கு 3,650 பீப்பாய் கணக்கிலிருந்து மறைந்துவிடும்.

எரிவாயுவில் விஷயம் இன்னும் நுணுக்கம். குழாய்க்குள் துளையிட்ட எஃகுத் தட்டை வைத்து, அதன் இருபுறமும் உள்ள அழுத்த வேறுபாட்டைக் கொண்டு அளவைக் கணக்கிடுவது பழகிய முறை. துளையின் கூரிய விளிம்பு தேய்ந்து மழுங்கினால் வாயு குறைவாகக் காட்டும். யாரும் திருடவே வேண்டாம், தட்டை மாற்றாமல் விட்டாலே போதும்.

1948-ம் வருஷத்து எண்ணெய் வயல் சட்டப்படி, தவிர்க்க முடியாமல் வீணானதற்கும், பூமிக்கடியில் திருப்பிச் செலுத்தியதற்கும், உற்பத்தி வேலைக்கே செலவானதற்கும் ராயல்டி இல்லை. நியாயம்தான். ஆனால் எரித்துவிட்ட வாயுவில் எவ்வளவு தவிர்க்க முடியாதது என்று முதலில் எழுதுபவரும் அவரே!

நம் ரயில்வேயைப் பாருங்கள். அனுப்புகிறவர் சொன்ன எடையை ரசீதில் ஏற்றினாலும், வழியில் வேகன் எடைமேடை ஏறுகிறது. அளவுக்கு மேல் பாரம் இருந்தால் அபராதக் கட்டணம் விழுகிறது. வியாபாரி யோக்கியனா இல்லையா என்று யாரும் விசாரிப்பதில்லை. எல்லோருக்கும் ஒரே எடைமேடை.

இதெல்லாம் வீண் சந்தேகம் என்பவர்கள் அமெரிக்காவைப் பார்க்கட்டும். அங்கே அரசு நிலத்திலும் பூர்வகுடிகள் நிலத்திலும் எடுத்த எண்ணெய்க்குக் கம்பெனிகள் எழுதியதே கணக்காக இருந்தது. 1982-ல் ஒரு விசாரணைக் கமிஷன் இந்த முறையைக் கண்டித்தது. அதன்பின் வந்த சட்டம், மாநிலங்களும் பூர்வகுடி அமைப்புகளும் தணிக்கையில் பங்குபெற வழி செய்தது. அதற்குப் பிறகும் 1999-ல் டல்சா நகரத்து ஜூரி, ஒரு பெரிய கம்பெனி இப்படிப்பட்ட நிலங்களில் வாங்கிய எண்ணெய்க்கு 24,587 பொய்க் கணக்குகள் கொடுத்ததாக முடிவு சொன்னது. டேங்கில் அளந்தவர்கள் கம்பெனியின் ஆட்கள்.

1948 சட்டத்தை 2025-ல் திருத்தினார்கள். முன்பு மீறினால் ஆறு மாதம் வரை சிறை அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம். இப்போது சிறை இல்லை. 25 லட்சம் ரூபாய் வரை அபராதம், மீறல் தொடர்ந்தால் நாளொன்றுக்கு 10 லட்சம் வரை. ஆயிரம் ரூபாயைவிட இது மேல் என்பதை ஒப்புக்கொள்கிறோம். ஆனால் தப்பு வெளியே தெரிந்தால்தானே அபராதம்?

இப்போது எல்லாம் கம்ப்யூட்டர் மீட்டர், கை வைக்க முடியாது என்பார்கள். மீட்டர் தானாகச் சரியாக இருப்பதில்லை. அதைச் சோதித்து முத்திரை வைக்கும் கை யாருடையது என்பதே நம் கேள்வி.

ஆகவே நாம் கேட்கிறோம்:

மீட்டர் சோதனையின்போது மாநில அரசின் அதிகாரி உடனிருந்து கையெழுத்துப் போட வேண்டும்.

கிணறுவாரியான மாதக் கணக்கையும், எரித்த வாயுவின் அளவையும், மீட்டர் சோதித்த தேதியையும் அந்தந்தப் பஞ்சாயத்துப் பலகையில் ஒட்ட வேண்டும்.

அளவில் தவறு கண்டு சொல்லும் தொழிலாளிக்கு, ஒப்பந்தத் தொழிலாளியானாலும், வேலைப் பாதுகாப்பு வேண்டும்.

கம்பெனி பொதுத்துறையா தனியாரா என்ற பேதம் இதில் இல்லை. பொதுத்துறை நம்முடையது என்பதாலேயே அதன் கணக்கைக் கேட்கும் உரிமை நமக்குக் கூடுதலாக உண்டு. ஊருக்கு வரவேண்டிய பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் இந்த அளவில் அடங்கியிருக்கின்றன. வாசகர்கள் தத்தம் கிளைக் கூட்டத்தில் இதை வைத்து விவாதித்துத் தீர்மானம் அனுப்பக் கோருகிறோம்.