படத்தில் இல்லாதவர்கள்

பள்ளிக்கூடத்துப் பிரிவுபசார விழா என்றால் எனக்குக் கொஞ்சம் பயம். அழுகையைக் கண்டு அல்ல, பேச்சைக் கண்டு. சென்ற வருஷம் தஞ்சாவூர்ப் பக்கத்தில் ஓர் உயர்நிலைப்பள்ளியில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளை வழியனுப்பத் தலைமை தாங்கக் கூப்பிட்டார்கள். கதை எழுதுகிறவன் நாலு நல்ல வார்த்தை சொல்லுவான் என்ற நம்பிக்கை, பாவம். போனேன்.

பிள்ளைகள் பேசினது நன்றாகவே இருந்தது. ஒரு பெண் ஆறாம் வகுப்பில் தான் கொண்டுவந்த எலுமிச்சஞ்சோற்றை யார் யார் பிடுங்கித் தின்றார்கள் என்று சொல்லிக்கொண்டே வந்தாள். அதில் ஒரு பெயர் வந்ததும் வகுப்பு திடீரென்று அடங்கிப் போயிற்று. அவளும் சட்டென்று வேறு விஷயத்துக்குத் தாவிவிட்டாள்.

பிறகு தலைமையாசிரியர் எழுந்தார். மூன்று வருஷமாக நூற்றுக்கு நூறு தேர்ச்சி, இந்த வருஷமும் அப்படியே என்றார். கணித மேதை ராமானுஜன் பிறந்த மண் இது என்றார். (பிறந்தது ஈரோட்டில், கிடக்கட்டும்.)

எனக்கு அங்கேதான் பொறுக்கவில்லை. கும்பகோணம் டவுன் ஹைஸ்கூல் 1904-ல் ராமானுஜனுக்குக் கணக்கில் பரிசு கொடுத்து அனுப்பியது. அதே ஊர்க் கல்லூரிக்கு உதவித்தொகையோடு போனார். கணக்கைத் தவிர மற்றதில் சறுக்கினார், உதவித்தொகை போயிற்று. சென்னைக்குப் போய்ப் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும் எஃப்.ஏ. தேறவில்லை. 1918-ல் லண்டன் ராயல் சொசைட்டி அவரை அங்கத்தினராக எடுத்துக்கொண்டது. இன்று சாரங்கபாணி சன்னதித் தெருவில் அவர் வீட்டை நினைவகமாக வைத்திருக்கிறோம். அப்படிப்பட்ட ஒருவன் இன்று நம் வகுப்பில் உட்கார்ந்திருந்தால் நூற்றுக்கு நூறு என்னவாகும்? சதவிகிதத்தைக் கெடுக்கிறவன் என்று அப்பனைக் கூப்பிட்டு, "தனியா எழுதச் சொல்லுங்க" என்று சொல்லியிருப்போம்.

நடப்பது அதுதான். ஒன்பதாவதிலேயே பொறுக்கி எடுத்து, தேறாது என்று தோன்றுகிறவனைத் தனித்தேர்வராக வெளியே தள்ளிவிடுகிறார்கள். வாத்தியாரை மட்டும் திட்டுவது சுலபம். அவர் கழுத்தில் மேலே இருப்பவர் கை இருக்கிறது. 2017-ல் அரசாங்கம் மாநில முதல், மாவட்ட முதல் என்று பெயர் வாசிப்பதை நிறுத்தியது. நல்ல காரியம். ஆனால் எந்த மாவட்டம் எத்தனை சதவிகிதம், எத்தனை பள்ளி நூற்றுக்கு நூறு என்ற ஜாபிதா வருஷா வருஷம் வந்துகொண்டுதான் இருக்கிறது. அந்த ஜாபிதாவுக்குப் பயந்து கழிக்கப்படுகிறவன் யார்? பெரும்பாலும் நடவுக்கும் அறுப்புக்கும் தாயாரோடு வயலுக்குப் போனவன். பள்ளிக்கூடம் திறப்பதும் மேட்டூரில் தண்ணீர் விடுவதும் ஒரே ஜூன் மாதத்தில். குறுவை நடவு இருக்கிற வீட்டில் பாடப்புத்தகத்துக்கு அட்டை போட யாருக்கு நேரம்? பிறகு திருப்பூர் பனியன் கம்பெனிக்கு ஓர் ஆள் கூடுகிறது. இங்கே நாம், ஐந்து வருஷம் ஒரே குடும்பமாக இருந்தோம் என்று மைக்கில் சொல்லுகிறோம்.

விழா முடிந்து படம் எடுக்கப் பூவரச மரத்தடிக்கு வந்தோம். மதிலோரம் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு ஒரு பையன் நின்றான். கலர்ச் சட்டை. எலுமிச்சஞ்சோற்றுப் பெண் அவனைப் பார்த்துக் கையை ஆட்டினாள். எனக்குப் புரிந்துவிட்டது.

"அந்தத் தம்பியையும் கூப்பிடுங்களேன் சார்."

"அவன் நம்ம ரிஜிஸ்தர்லே இல்லீங்க," என்றார் தலைமையாசிரியர், மரியாதையாகத்தான்.

நான் இன்னொரு தடவை சொல்லியிருக்கலாம். படக்காரர் அவசரப்படுத்தினார். நடு நாற்காலி எனக்காகக் காலியாக இருந்தது, போய் உட்கார்ந்துகொண்டேன். போன மாதம் படத்தின் பிரதி ஒன்று தபாலில் வந்தது. எல்லாரும் தெளிவாக விழுந்திருக்கிறார்கள்.