திருடன் வீட்டுக்குள்! பாராங்கை எடுக்கலாமா?



"இராத்திரியில் வீடு புகுந்தவனை வெட்டிப் போட்டால் கேஸே கிடையாது" என்று காப்பிக்கடையில் ஒருவர் சொல்வார். "அவனைத் தொட்டாலே நீதான் ஜெயிலுக்குப் போவாய்" என்று அடுத்த நாற்காலியில் இருப்பவர் அடித்துச் சொல்வார். இருவர் சொல்வதும் தவறு. முதலாமவர் பேச்சை நம்பிய குடும்பத் தலைவன் கொலைக் குற்றம் சாட்டப்பட்டுக் கூண்டில் நிற்க நேரலாம். இரண்டாமவர் பேச்சை நம்பியவன், பெண்டு பிள்ளைகளைக் காக்க வேண்டிய நேரத்தில் கைகட்டி நிற்க நேரலாம். இரண்டுமே வேண்டாத கதி. ஆகவே சட்டம் என்னதான் சொல்கிறது என்று இந்த முறை பார்த்துவிடுவோம்.

மலேசியத் தண்டனைச் சட்டத்தில், அதாவது போலீஸ் பத்திரங்களில் 'கானூன் கெசெக்சான்' என்று நீங்கள் காணும் அந்தச் சட்டத்தில், 96 முதல் 106 வரையுள்ள பிரிவுகள் தற்காப்பு உரிமையைப் பற்றியவை. இது நேற்று வந்ததல்ல. மெக்காலே தலைமையில் 1837-இல் இந்தியாவுக்காக வரையப்பட்டு, 1860-இல் அங்கே சட்டமாகி, 1871-இல் பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் ஆகிய நீரிணைக் குடியேற்றங்களுக்கும் சட்டமாக்கப்பட்டது. ரப்பர்க் கன்று இந்த மண்ணுக்கு வந்தது 1877-இல்தான். அதற்கும் மூத்தது இந்தச் சட்டம்! இந்தியாவில் 2024-இல் அதை மாற்றிவிட்டார்கள். இங்கே அது இன்றும் நடைமுறையில் இருக்கிறது.

உங்கள் உடலையும் உடைமையையும் காத்துக்கொள்ள உங்களுக்கு உரிமை உண்டு என்பது 97-ஆம் பிரிவு. உங்களுடையதை மட்டும் அல்ல, பிறருடையதையும் காக்கலாம். பக்கத்து வீட்டு அக்காள் "ஐயோ" என்று அலறினால் நீங்கள் ஓடிப்போய்த் தடுப்பது சட்டப்படியே சரி.

இனி, உயிரை எடுக்கும் அளவுக்கு அந்த உரிமை எப்போது நீளும்? உடலைக் காப்பதைப் பற்றி 100-ஆம் பிரிவு சொல்கிறது. தாக்க வருபவனால் சாவோ கொடுங்காயமோ நேரும் என்று நியாயமாகவே அஞ்ச வேண்டிய நிலை இருக்க வேண்டும். பெண்ணைக் கெடுக்க வந்தாலும், ஆளைக் கடத்த வந்தாலும் அப்படியே. இதற்குப் பகல் இரவு என்ற பேதம் கிடையாது.

உடைமையைப் பற்றியது 103-ஆம் பிரிவு. கொள்ளையடித்தல், இரவில் வீட்டை உடைத்துப் புகுதல், குடியிருக்கும் வீட்டுக்குத் தீ வைத்தல் ஆகியவை அதில் வருகின்றன. சாதாரணத் திருட்டும் அத்துமீறி நுழைதலும் கூட வரலாம். ஆனால் தடுக்காவிட்டால் சாவு அல்லது கொடுங்காயம் நிச்சயம் என்று அஞ்சும்படியான சூழ்நிலை இருந்தால்தான்.

"பார்த்தீர்களா, இரவில் வீட்டை உடைத்தால் வெட்டலாம் என்று சட்டமே சொல்லிவிட்டது" என்று சிலர் இங்கேயே நிறுத்திக்கொள்கிறார்கள். வம்பு அங்கேதான் ஆரம்பம். 99-ஆம் பிரிவு இவை எல்லாவற்றுக்கும் மேலே உட்கார்ந்திருக்கிறது. தற்காப்புக்குத் தேவையானதை விட அதிகமான தீங்கு செய்யும் உரிமை எவருக்கும் எந்த நிலையிலும் இல்லை என்கிறது அது. நீங்கள் விளக்கைப் போட்டதும் வந்தவன் கையைத் தூக்கிக்கொண்டு நின்றுவிட்டான் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது அவனை வெட்டத் தேவை என்ன? தேவை இல்லையென்றால் உரிமையும் இல்லை. ஒரு தடியடியில் விழுந்தவனுக்கு இரண்டாவது அடி தேவைப்பட்டதா என்று நீதிமன்றம் கேட்கும். பிரேதப் பரிசோதனை செய்யும் டாக்டர், காயம் மார்பிலா முதுகிலா, ஒன்றா ஒன்பதா என்று எழுதித்தான் கொடுப்பார்.

'வீட்டை உடைத்தல்' என்பதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. தாழ்ப்பாளை நெம்பினால், பூட்டைத் திறந்தால், ஜன்னல் வழியாக ஏறினால், வாசலில் நின்றவரைத் தள்ளிவிட்டு நுழைந்தால் அது உடைத்தல். காற்றுக்காகத் திறந்து வைத்த கதவு வழியாக ஒருவன் சும்மா நடந்து வந்தால், அது வெறும் அத்துமீறல்தான். லயத்து வீடுகள் எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை. சம்பள நாள் இரவில் போதையில் வந்தவன் அடுத்த கதவைத் தன் கதவென்று நினைத்து நுழைவது நடக்காததா? அவனைத் திருடன் என்று தவறாக நம்பியவருக்கும் சட்டம் பாதுகாப்பு தரும், அந்த நம்பிக்கை நல்லெண்ணத்தோடு இருந்தால். ஆனால் நல்லெண்ணம் என்றால் சட்டத்தில் தக்க கவனத்தோடு நடப்பது என்று பொருள். "யாரது?" என்று ஒரு குரல் கொடுத்துப் பார்த்தவருக்கும், பார்க்காமலே பாராங்கை வீசியவருக்கும் அங்கே வித்தியாசம் வந்துவிடுகிறது.

உரிமை எதுவரை நீடிக்கும் என்பதை 105-ஆம் பிரிவு வரையறுக்கிறது. இரவில் உடைத்துப் புகுந்தவன் வீட்டுக்குள் இருக்கும் வரைதான் அந்தப் பெரிய உரிமை. சங்கிலியோடு அவன் வேலி தாண்டி ஓடும்போது நீங்கள் துரத்தலாம், பிடிக்கலாம், பொருளை மீட்கத் தேவையான பலத்தைக் காட்டலாம். ஓடுகிறவன் முதுகில் வெட்டி உயிரை எடுக்கும் உரிமை அப்போது இல்லை. சங்கிலி போனால் வயிறு எரியத்தான் செய்யும். பால் வெட்டியும் குலை வெட்டியும் வாங்கிய நகை அது.

இன்னொன்று. போலீசில் சொல்ல நேரம் இருந்தும் சொல்லாமல் தானே தீர்த்துக்கொள்கிறவருக்கு 99-ஆம் பிரிவு கை கொடுக்காது. "நாளை இரவு வருவான்" என்று தெரிந்து பாராங்கைத் தீட்டிக்கொண்டு இருட்டில் காத்திருப்பது தற்காப்பு ஆகாது. அதே சமயம், கதவு உடைகிறபோது பல மைலுக்கு அப்பாலுள்ள ஸ்டேஷனிலிருந்து ஆள் வரும்வரை சும்மா இருங்கள் என்றும் சட்டம் சொல்லவில்லை. 999-ஐ வீட்டில் ஒருவர் அழைக்கட்டும், மற்றவர் கதவைப் பார்க்கட்டும்.

தோட்டப்புறத்தில் அதிகம் வினையாவது பிடிபட்ட பிறகு நடப்பதுதான் என்பது என் எண்ணம். திருடனை மரத்தில் கட்டிவிடுகிறார்கள். செய்தி பரவுகிறது. பெரட்டுக்குப் போகிறவர்கள்கூட ஆளுக்கு ஓர் அடி போட்டுவிட்டுப் போகிறார்கள். கண்ணெதிரே பெருங்குற்றம் செய்தவனைப் பொதுமக்கள் பிடித்து வைக்கலாம். குற்றவியல் நடைமுறைச் சட்டம் 27-ஆம் பிரிவு அதற்கு இடம் தருகிறது. ஆனால் தாமதமின்றிப் போலீசாரிடம் ஒப்படைக்க வேண்டும். கட்டிப்போட்டவனால் யாருக்கு ஆபத்து? அதற்குப் பிறகு விழும் ஒவ்வோர் அடியும் தனிக் குற்றம். "நகையை எங்கே வைத்தாய், சொல்லடா" என்று அடித்தால் அதற்கென்றே 330-ஆம் பிரிவு இருக்கிறது, 7 ஆண்டு வரை சிறை. அவன் செத்துப்போனால், "நான் ஒரே ஓர் அடிதான் அடித்தேன்" என்பது எடுபடாமல் போகலாம். பொது நோக்கத்தோடு பலர் செய்த காரியத்தை ஒவ்வொருவரும் தனியே செய்ததாகவே 34-ஆம் பிரிவு கொள்கிறது. அடிபட்டவன் பல சமயம் அடுத்த லயத்துப் பையனாகவும் இருந்துவிடுகிறான். அவன் தாயும் அதே பெரட்டில்தான் நிற்பாள்.

கோழிக்கூட்டைச் சுற்றியும் மரவள்ளித் தோட்டத்தைச் சுற்றியும் மின்சாரக் கம்பி இழுப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. மின்சாரத்துக்குத் திருடனையும் தெரியாது, காட்டுப் பன்றியையும் தெரியாது, பந்தெடுக்கப் போன பிள்ளையையும் தெரியாது. கவனக்குறைவால் உயிர் போனால் 304A பிரிவில் 2 ஆண்டு வரை சிறை. வேண்டுமென்றே ஆளைக் கொல்ல இழுத்தது என்றால் குற்றம் அதைவிடப் பெரிது.

கொலை என்று முடிவானால் முன்பு மரண தண்டனை கட்டாயம். 2023 ஜூலை 4 முதல் அந்தக் கட்டாயம் இல்லை. நீதிபதி மரண தண்டனையோ, 30 முதல் 40 ஆண்டு வரை சிறையோ விதிக்கலாம். முன்திட்டம் இல்லாமல், நல்லெண்ணத்தோடு தற்காப்பில் இறங்கி எல்லை மீறிவிட்டவருக்குச் சட்டம் கொஞ்சம் இரங்குகிறது. அது கொலை ஆகாத மரணம் விளைவித்தல் எனப்படும். இரக்கம் என்றாலும், 304-ஆம் பிரிவில் அதற்கு 30 ஆண்டு வரை சிறை கிடைக்கலாம். தற்காப்புக்காகவே செய்தேன் என்று காட்டும் பொறுப்பு, 1950-ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின் 105-ஆம் பிரிவின்படி, உங்களுடையது. பயந்த நேரத்தில் அடித்த அடியைத் தங்கத் தராசில் நிறுக்க முடியாது என்பதை நீதிமன்றங்கள் நெடுங்காலமாக ஒப்புக்கொண்டு வருகின்றன. அதற்காக நிறுக்காமலே விட்டுவிடுவதும் இல்லை.

ஆகவே, அப்படி ஒன்று நடந்துவிட்டால் செய்ய வேண்டியது: உடனே போலீசையும் ஆம்புலன்சையும் கூப்பிடுங்கள். விழுந்து கிடப்பவனுக்கு மூச்சு இருந்தால் இரத்தத்தை நிறுத்தப் பாருங்கள். வீட்டுப் பெண்கள், பிள்ளைகள் எழுந்து பார்க்குமுன் தரையைக் கழுவிவிடத் துடிப்பார்கள். கழுவ விடாதீர்கள். நெம்பப்பட்ட தாழ்ப்பாள், உடைந்த ஜன்னல், அவன் கொண்டு வந்த இரும்புக்கம்பி எல்லாம் உங்கள் பக்கத்துச் சாட்சிகள். பாராங்கைக் கால்வாயில் எறிந்துவிட்டு "ஒன்றும் தெரியாது" என்று சொன்னவர், பிறகு "தற்காப்புக்குத்தான்" என்று சொன்னால் யார் நம்புவார்?

கைதானால் காரணத்தை அறியவும், வழக்கறிஞரைக் கலந்து பேசவும் அரசமைப்புச் சட்டத்தின் 5-ஆவது விதி உரிமை தருகிறது. 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். வக்கீல் வைக்க வசதி இல்லையென்றால் தடுப்புக்காவல் கட்டத்திலேயே உதவ, 2011-இல் அமைக்கப்பட்ட தேசிய சட்ட உதவி அறநிறுவனம் இருக்கிறது. மலாயில் 'யயாசான் பந்துவான் குவாமான் கெபாங்சாஆன்' என்பார்கள். மரண தண்டனைக்குரிய வழக்கில், வசதியற்றவருக்கு நீதிமன்றமே வழக்கறிஞரை நியமிக்கும். வீட்டில் உள்ளவர்கள் அந்தப் பெயரைப் போலீஸ் நிலையத்தில் கேட்கத் தயங்க வேண்டாம்.