மலைப் பையனுக்கு வார்லி எதற்கு?

உங்களுக்கு ஒரு சின்னப் பரீட்சை. நீங்கள் படித்த பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டர் பெயர் என்ன?

கணக்கு வாத்தியார் பெயர் ஞாபகம் இருக்கும். வாங்கின அடி அப்படி. இங்கிலீஷ் டீச்சரையும் மறந்திருக்க மாட்டீர்கள். டிராயிங் மாஸ்டர்? பத்தில் எட்டுப் பேருக்கு வராது. காரணம் உங்கள் ஞாபகமறதி இல்லை. அவர் பீரியடைக் கணக்கு வாத்தியார் கடனாக வாங்கிக்கொண்டு போய்விடுவார், திருப்பித் தரவே மாட்டார். நான் பி.காம். படித்தவன். எங்கள் பாஷையில் இதற்கு வாராக்கடன் என்று பெயர்.

இந்தக் கடன் ஞாபகத்துக்கு வந்தது ஜவ்வாது மலையில்.

காவலூர் வானாய்வகத்தைப் பார்க்கலாம் என்று ஒரு சனிக்கிழமை குடும்பத்தோடு கிளம்பினேன். போளூர் வழியாக மலை ஏறினால் ஜமுனாமரத்தூர் வரும். டீ குடிக்க இறங்கினோம். கடை பெஞ்சில் ஒரு பையன் உட்கார்ந்து, எதிரே சாமை மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தவர்களை வரைந்துகொண்டிருந்தான். பென்சில் கூட இல்லை, சாதா பால்பாயின்ட் பேனா. மூட்டை தூக்குகிறவரின் பின்னங்கழுத்து நரம்பு அந்தப் பேனாவில் அப்படியே வந்திருந்தது. என் மகள்தான் முதலில் பார்த்தாள். “அப்பா, இங்க பாருங்களேன்” என்றாள்.

பையன் மலையாளி. கேரளாக்காரன் என்று நினைத்துவிடாதீர்கள். மலையை ஆள்கிறவர்கள் என்ற அர்த்தத்தில் மலையாளி. ஜவ்வாது மலையின் பழங்குடி மக்கள். பேசுவது தமிழ். காஞ்சிபுரத்திலிருந்து மலையேறி வந்த முன்னோர்களின் பிள்ளைகள் நாங்கள் என்று அவர்களே கதை சொல்வார்கள். பையன் பட்டணத்தில் ஓவியம் படிக்கிறான். மூன்றாம் வருஷம். எந்தக் கல்லூரி என்று எழுதப்போவதில்லை. எழுதினால் கஷ்டம் பையனுக்குத்தான்.

“கிளாஸ்ல என்ன தம்பி பண்ணச் சொல்றாங்க?” என்று கேட்டேன். பையிலிருந்து ஒரு ஃபைலை எடுத்துக் காட்டினான்.

முதல் வருஷத்தில் ஸ்டில் லைஃப். ஒரு பூச்சாடி, பக்கத்தில் துணி, இரண்டு ஆப்பிள். “ஆப்பிளை வரைஞ்ச அன்னைக்குத்தான் சார் முதல்முதலா அதைக் கையில தொட்டேன்” என்று சிரித்தான். எங்கள் ஊரில் பலா இருக்கிறது, புளி இருக்கிறது, சாமை இருக்கிறது, அதை வைத்தால் என்ன என்று கேட்டிருக்கிறான். ‘எக்ஸாமுக்கு இதுதான்’ என்று பதில் வந்திருக்கிறது.

அடுத்தது அவுட்டோர். விடியற்காலை ஐந்தரைக்கு எழுந்து ரயில்வே ஸ்டேஷன், மீன் மார்க்கெட். ஆட்கள் நகர்ந்துகொண்டே இருப்பார்கள், பத்து நொடிக்குள் பிடிக்க வேண்டும். இதில் அவன் கில்லாடி. தூங்குகிற போர்ட்டர், ஐஸ் பெட்டி மேல் உட்கார்ந்து சில்லறை எண்ணுகிற அம்மா. கலர் வாங்கக் காசில்லாத மாதத்தில் ஹாஸ்டல் டீ டிகாக்ஷனிலேயே வாஷ் கொடுத்திருக்கிறான். அந்தப் பழுப்பு எந்த ட்யூபிலும் கிடைக்காது.

பி.காம். புத்தி சும்மா இருக்குமா? வரவு செலவு கேட்டேன். ஒரு செமஸ்டருக்குக் கலர், பிரஷ், கேன்வாஸ் மட்டும் ஆறாயிரம், ஏழாயிரம். வீட்டிலிருந்து வருவது பூஜ்யம். கல்யாண மண்டபத்துக்கு பேக்டிராப், நர்சரி ஸ்கூல் சுவரில் மிக்கி மவுஸ், செல்போனில் வருகிற போட்டோவைப் பார்த்துப் பென்சில் படம். ஞாயிற்றுக்கிழமைகளை விற்றுத்தான் திங்கட்கிழமை கிளாசுக்குப் போகிறான்.

இதுவரைக்கும் கூட எனக்குக் கோபம் வரவில்லை. வறுமையில் படிக்கிற பிள்ளைகளைப் பார்த்துப் பார்த்து நமக்கு மரத்துப்போய்விட்டது. கோபம் வந்தது ஃபைலின் கடைசி இரண்டு படங்களைப் பார்த்தபோதுதான்.

ஒரு படம் ராத்திரி நேரம். மலைப்பாதையில் ஒரு வேன், ஹெட்லைட் அணைத்து நிற்கிறது. ஆண்கள் ஒவ்வொருவராக ஏறுகிறார்கள். வாசலில் ஒரு பெண் முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்கிறாள். அவ்வளவுதான். விஷயம் தெரிந்தவர்களுக்கு முதுகுத்தண்டு சில்லிடும்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். 2015 ஏப்ரல் 7-ம் தேதி, திருப்பதிக்குப் பக்கத்தில் சேஷாசலம் காட்டில், செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று சொல்லி ஆந்திர போலீஸ் 20 பேரைச் சுட்டுக் கொன்றது. அத்தனை பேரும் தமிழர்கள். ஜவ்வாது மலைக்காரர்களும் அடிவார ஊர்க்காரர்களும் அதில் இருந்தார்கள். மரத்தை விற்றுக் கோடி பார்த்த எந்தப் புரோக்கரும் அந்தப் பட்டியலில் இல்லை. கூலிக்குக் கோடாலி பிடித்தவன்தான் செத்தான். அந்த வேனை நேரில் பார்த்து வளர்ந்த தலைமுறை இந்தப் பையனுடையது. ‘என் ஊர்’ என்று தலைப்புக் கொடுத்தார்கள், அவன் ஊரை வரைந்துவிட்டான்.

வகுப்பில் என்ன சொன்னார்களாம்? “இதெல்லாம் அரசியல்ப்பா. உனக்கு எதுக்கு? நீ டிரைபல்தானே? உங்க டிரைபல் ஆர்ட்டைப் பண்ணேன். ஜூரிக்கு அதுதான் பிடிக்கும்.”

“எங்க ஊர்ல அப்படி ஒண்ணும் இல்லையே சார்.”

“அதாம்ப்பா, முக்கோண உடம்பு, குச்சிக் கை கால், வட்டமா ஆடுவாங்களே...”

கடைசிப் படம் அது. செம்மண் கலர் பின்னணியில் வெள்ளைக் கோட்டு மனிதர்கள் வட்டமாகக் கைகோத்து ஆடுகிறார்கள். செல்போனில் தேடிப் பார்த்து ஒரே ராத்திரியில் காப்பி அடித்தது. வகுப்பிலேயே முதல் மார்க். வேன் படத்துக்குப் பாஸ் மார்க்.

இந்த முக்கோண மனிதர்கள் யார் தெரியுமா? மகாராஷ்டிரத்தில், மும்பைக்கு வடக்கே, குஜராத் எல்லையை ஒட்டி வாழ்கிற வார்லி மக்களின் ஓவியம். கல்யாண வீட்டு மண்சுவரில் பெண்கள் அரிசி மாவால் வரைந்தது. அதைக் காகிதத்துக்குக் கொண்டுவந்து உலகமெல்லாம் அறியச் செய்தவர் ஜிவ்யா சோமா மாஷே. 2011-ல் பத்மஸ்ரீ. 2018-ல் காலமானார். ஜவ்வாது மலைக்கும் வார்லிக்கும் என்ன சம்பந்தம்? அமிஞ்சிக்கரைக்கும் ஆப்பிரிக்காவுக்கும் இருக்கிற சம்பந்தம்.

சரி, தமிழ்நாட்டுப் பழங்குடிகளிடம் ஓவியமே இல்லையா? இருக்கிறது. நீலகிரியில் ஆலு குறும்பர்கள் வேங்கை மரப் பிசினை எடுத்து வரைகிறார்கள். அது அவர்களுடையது. அதையும் இந்தப் பையன் காப்பி அடிக்க வேண்டியதில்லை. காஞ்சிபுரத்துப் பையனைப் பார்த்து “நீ தமிழன்தானே, தஞ்சாவூர்ப் பெயின்ட்டிங் போடு” என்று யாராவது சொல்வார்களா? அவன் என்ன வேண்டுமானாலும் வரையலாம். மலைப் பையன் மட்டும் எங்கோ ஒரு மலையில் எவரோ போட்ட கோட்டுக்குள் நிற்க வேண்டும். இது பாராட்டு மாதிரி தெரியும். நிஜத்தில் ஜாதிச் சான்றிதழைப் பார்த்து சப்ஜெக்ட் ஒதுக்குகிற வேலை.

மத்தியப் பிரதேசத்தில் ஜங்கர் சிங் ஷ்யாம் என்று ஒரு கோண்ட் ஓவியர் இருந்தார். பாட்டன்கட் என்ற கிராமத்துப் பையன். 1980-களின் தொடக்கத்தில் போபால் பாரத் பவனுக்கு அவரை அழைத்துவந்தவர் ஓவியர் ஜே. சுவாமிநாதன், நம்ம தமிழ்க் குடும்பத்துக்காரர். அங்கே பெயிண்ட்டும் பேப்பரும் கொடுத்தார்கள். ஜங்கர் தன் குலதெய்வங்களை வரைந்தார், மானையும் மரத்தையும் வரைந்தார். போபால் சட்டமன்றக் கட்டடச் சுவரில் ஓர் ஆகாய விமானத்தையும் வரைந்து வைத்தார். ‘பழங்குடி ஓவியன் விமானம் வரையலாமா?’ என்று அன்றைக்கு யாராவது தடுத்திருந்தால் நமக்கு ஜங்கர் கிடைத்திருக்க மாட்டார். அதே மனிதர் 2001-ல் ஜப்பானில், ஓர் அருங்காட்சியகத்தில் தங்கி அவர்களுக்காக வரைந்துகொடுத்துக்கொண்டிருந்தபோது தற்கொலை செய்துகொண்டார். வயது நாற்பதுகூட ஆகவில்லை. பழங்குடிக் கலையைக் கொண்டாடுகிற நாம் அந்தக் கலைஞனை என்ன பாடுபடுத்துகிறோம் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

காவலூர் போய்ச் சேர்ந்தோம். 2.3 மீட்டர் தொலைநோக்கி, 1986-ல் ராஜீவ் காந்தி திறந்து வைத்தது. அதற்கும் முன்னாலேயே, 1977-ல், யுரேனஸ் கோளைச் சுற்றி வளையம் இருப்பதைக் கண்டறிந்ததில் இந்த மலைக்குப் பங்கு உண்டு. நாட்டின் மிகக் கூர்மையான கண்களில் ஒன்றை அந்த மலையில் வைத்திருக்கிறோம். வானத்தைப் பார்க்க. கீழே இருக்கிற பையனின் கண்ணை என்ன செய்கிறோம்?

குற்றம் அந்தக் கல்லூரி ஆசிரியர் மேல் மட்டும் இல்லை. கதை பள்ளிக்கூடத்திலேயே ஆரம்பித்துவிடுகிறது. பையன் பிளஸ் டூ வரை ஓர் ஓவிய ஆசிரியரைக்கூடப் பார்த்ததில்லை. ஏன் என்று தேடினேன். சட்டத்திலேயே ஓட்டை. 2009-ல் வந்த கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையைப் பாருங்கள். ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை, மாணவர் எண்ணிக்கை 100-ஐத் தாண்டினால்தான் ஓவியத்துக்குப் பகுதிநேர ஆசிரியர் கட்டாயம். நூறு பேர் இல்லையா? டிராயிங் கிடையாது. பட்டணத்துப் பள்ளிக்கு இது பிரச்னை இல்லை. நாலு மேட்டுக்கு நடுவில் பத்துப் பத்து வீடாகச் சிதறிக் கிடக்கிற மலைக் கிராமத்தில் நூறு பிள்ளைகளுக்கு எங்கே போவார்கள்?

ஆசிரியர் இருக்கிற இடத்தில் மட்டும் வாழ்கிறதா? தமிழ்நாடு அரசு 2012-ல் ஓவியம், உடற்கல்வி, தையல், இசை என்று 16,549 பகுதிநேர ஆசிரியர்களை எடுத்தது. வாரத்துக்கு மூன்று அரைநாள். சம்பளம் 5,000 ரூபாய். அப்போது மே மாதம் லீவு, அதனால் சம்பளத்துக்கும் லீவு விட்டார்கள். 2021-ல் அது 10,000 ஆனது, 2024-ல் 12,500. நிரந்தரம் செய்யச் சொல்லி அவர்கள் நடத்தாத போராட்டம் இல்லை, அரசியல்வாதிகள் கொடுக்காத வாக்குறுதி இல்லை. லோயர், ஹையர், டி.டி.சி. எல்லாம் முடித்த மனிதர் இப்படிப்பட்ட சம்பளத்துக்குப் போளூரிலிருந்து மலை ஏறி இறங்குவார் என்று எதிர்பார்ப்பது எந்த ஊர் நியாயம்?

“சோத்துக்கே வழியில்லாத இடத்துல ஓவியம் கேக்குதா?” என்று சிலர் கேட்பீர்கள். உங்களுக்காகவே ஒரு கணக்கு வைத்திருக்கிறேன். சென்னை ஓவியப் பள்ளி 1850-ல் டாக்டர் அலெக்சாண்டர் ஹன்டர் ஆரம்பித்தது. 1898-ல் அங்கே பொறுப்பிலிருந்த ஆல்ஃபிரட் சாட்டர்ட்டன் அலுமினியத்தில் பாத்திரம் செய்துபார்த்தார். இந்தியாவில் அலுமினியப் பாத்திரத் தொழில் கிளம்பியது அங்கிருந்துதான். உங்கள் பாட்டி வீட்டு அலுமினியக் குண்டானுக்கு ஓர் ஓவியப் பள்ளி மூதாதை! 2010-ல் ரூபாய்க்குச் சின்னம் வரைந்து கொடுத்ததும் நம்ம ஊர் உதயகுமார்தான். பி.காம். படித்த நான் ரூபாயை எண்ணத்தான் கற்றேன். அதற்கு முகம் கொடுத்தவன் வரையக் கற்றவன்.

இன்னொன்று. சென்னை ஓவியக் கல்லூரிக்கு முதல்வராக இருந்த மேதை ஏ.பி.சந்தானராஜ் எந்த ஊர்? திருவண்ணாமலை. ஜவ்வாது மலையின் பெரும்பகுதி எந்த மாவட்டம்? அதே திருவண்ணாமலை. சமவெளியில் பிறந்தவருக்குக் கிடைத்த வாய்ப்பு மலை மேல் பிறந்தவனுக்குக் கிடைக்க எத்தனை வருஷம் ஆகும்?

நான் யோக்கியன் என்று சொல்ல வரவில்லை. என் மகள் ஒன்பதாவது வரை நன்றாக வரைவாள். “பத்தாவது வந்தாச்சு, இதையெல்லாம் மூட்டை கட்டு” என்று சொன்னவன் நான்தான். அவள் மூட்டை கட்டிவிட்டாள். அந்த டீக்கடையில் பையன் பக்கத்தில் உட்கார்ந்து அரை மணி நேரம் பேப்பரையே பார்த்துக்கொண்டிருந்தாள். என் பக்கம் திரும்பவே இல்லை.

எனக்கு மூன்று கோரிக்கை. ஒன்று, பழங்குடிப் பிள்ளைகள் படிக்கிற பள்ளிகளுக்கு அந்த நூறு பேர் கணக்கைத் தூக்கி எறியுங்கள். சட்டம் குறைந்தபட்சத்தைத்தான் சொல்கிறது, அதற்கு மேல் கொடுக்க மாநில அரசை யாரும் தடுக்கவில்லை. இரண்டு, பழங்குடி உண்டு உறைவிடப் பள்ளிகளுக்கு முழுநேர, நிரந்தர ஓவிய ஆசிரியர்களைப் போடுங்கள். மூன்றாவது கல்லூரி ஆசிரியர்களுக்கு: மலைப் பிள்ளைகளிடம் ‘டிரைபல் ஆர்ட்’ கேட்பதை நிறுத்துங்கள். என்ன பார்த்தாய் என்று மட்டும் கேளுங்கள்.

உங்களுக்கும் ஒரு வேலை. அடுத்த பேரன்ட்ஸ் மீட்டிங்கில் எழுந்து, டிராயிங் பீரியடில் என்ன நடக்கிறது என்று கேளுங்கள். கணக்கு நடக்கிறது என்றால் அந்த வாராக்கடனை வசூல் செய்யுங்கள்.

கிளம்பும்போது அந்த வேன் படத்தை விலைக்குக் கேட்டேன்.

“வார்லி வேணும்னா எடுத்துக்கங்க சார், முந்நூறு ரூபா. அது போட ஒரு ராத்திரிதான் ஆச்சு” என்றான். “வேன் படம் குடுக்கறதுக்கு இல்ல சார். அதுல இன்னும் ஒரு ஆள் பாக்கி இருக்கு.”

யார் என்று நான் கேட்கவில்லை. உங்களில் யாருக்காவது கேட்கத் தைரியம் இருந்தால் ஜமுனாமரத்தூர் பஸ் ஏறுங்கள்.