மகளுக்கும் புலிப்பல்

குழந்தைத் துணிக்கடையில் ஒரு வயதுச் சட்டைகளைப் புரட்டிப் பாருங்கள். விலங்கு இல்லாத சட்டையைத் தேடித்தான் எடுக்கவேண்டும். தொப்பியில் கரடிக் காது, சாக்ஸில் முயல், நெஞ்சில் யானை, முதுகில் டைனோசர் முள். நாம் உடுத்தத் தயங்கும் ஒன்றைப் பிள்ளைக்கு மட்டும் ஏன் ஆசை ஆசையாக உடுத்துகிறோம் என்று கேட்டால், “பார்க்க அழகா இருக்கு” என்பார்கள். உண்மைதான். ஆனால் அது மிக அண்மையில் வந்த காரணம். அதற்கு முன்பு பிள்ளையின் உடம்பில் விலங்கை ஏற்றிவைத்தது பயம்.

சங்கப் பாடல்களில் வரும் புலிப்பல் தாலியை நினைத்துக்கொள்ளலாம். புறநானூற்றின் 374ஆம் பாட்டில் காட்டுக் குடிகளின் பரட்டைத் தலைச் சிறுவர்கள் அதை அணிந்திருக்கிறார்கள். குறுந்தொகை 161இல் பொழுது போய்விட்டது, மழை விடவில்லை. பேயும் நடுங்கும் அந்த இரவில் தாய் ஒருத்தி புலிப்பல் தாலி அணிந்த மகனை அணைத்தபடி கிடக்கிறாள். ஊரைச் சுற்றித் திரியும் விலங்கின் பல்லே பிள்ளையின் கழுத்தில் காவலாகக் கிடக்கிறது. எதற்கு அஞ்சுகிறோமோ அதையே பிள்ளையின் பக்கம் இழுத்துக்கொள்ளும் யோசனை இது.

சீனத்துத் தாய்மாரும் இதையேதான் நினைத்தார்கள். குழந்தைக்கு மாதம் நிறையும்போதும், நூறாம் நாளிலும், முதல் பிறந்தநாளிலும் புலித்தலைத் தொப்பியும் புலித்தலைச் செருப்பும் அணிவிப்பது அங்கே பல பகுதிகளில் வழக்கம். துணியை அடுக்கித் தைத்து, பிதுங்கும் கண்ணும் விறைத்த காதும் மீசையும் வைத்து, நெற்றியில் ‘அரசன்’ என்னும் எழுத்தைப் பூவேலையாகப் போடுவார்கள். சீன நாட்காட்டியின் ஐந்தாம் மாதம் ஐந்தாம் நாள் வரும் விழாவுக்கு இன்னும் ஒரு படி மேலே போய், தேள், பூரான், பாம்பு, தேரை, பல்லி எனும் ஐந்து நஞ்சுகளையும் பிள்ளையின் சட்டையில் பூவேலையாகப் போட்டுவிடுவார்கள். நோயும் பூச்சியும் பெருகும் வெயில் காலத்தின் தொடக்கம் அது. நஞ்சை உடுத்திய பிள்ளையை நஞ்சு தொடாது என்பது நம்பிக்கை.

இதை மூடநம்பிக்கை என்று எளிதில் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. இந்தியாவில் 1971இல் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 129 குழந்தைகள் ஓராண்டுகூட நிறைக்கவில்லை. 2020இல் அந்தக் கணக்கு 28, தமிழ்நாட்டில் 13. அடுத்தடுத்துப் பிள்ளைகளைப் பறிகொடுத்த வீட்டில், பிழைத்த பிள்ளைக்குக் குப்பை என்றும் பிச்சை என்றும் பேர் வைத்தார்கள். கன்னத்தில் மைப்பொட்டு இட்டு முகத்தின் அழகைக் குறைத்தார்கள். யார் கண்ணும் படக்கூடாது என்பதே நோக்கம். தடுப்பூசியும் உப்புச் சர்க்கரைக் கரைசலும் ஆரம்ப சுகாதார நிலையமும் வந்த பிறகுதான் அந்தப் பயம் தணிந்தது. இன்று எல்லார் கண்ணும் படட்டும் என்று பிள்ளையைப் படமெடுத்துப் போடுகிறோம்.

பயம் தணிந்த இடத்தில் விலங்கும் மாறிப்போனது. பெரிய தலை, அகன்ற நெற்றி, கீழிறங்கிய பெரிய கண், உப்பிய கன்னம்: இவற்றைக் கண்டால் மனிதருக்கு அள்ளியெடுக்கத் தோன்றும் என்று 1943இல் எழுதினார் ஆஸ்திரிய விலங்கியலாளர் கோன்ராட் லோரன்ஸ். துணிமேல் இருக்கும் கரடிக்கும் புலிக்கும் அதே அளவுகள்தாம். பல்லையும் நகத்தையும் எடுத்துவிட்டுக் கண்ணைப் பெரிதாக்கியிருக்கிறார்கள். பிள்ளையைப் போல விலங்கை வரைந்து, அந்த விலங்கைப் போலப் பிள்ளைக்கு உடுத்துகிறோம். இதில் குற்றமொன்றும் இல்லை. கொஞ்சத் தோன்றுவது நல்லதுதான்.

குற்றம் வேறிடத்தில் இருக்கிறது. பையன்கள் அடுக்கில் புலி, சிங்கம், சுறா, டைனோசர்; பெண்பிள்ளைகள் அடுக்கில் பூனைக்குட்டி, முயல், பட்டாம்பூச்சி. ஒருவன் உறும வேண்டும், ஒருத்தி வருடக் கொடுக்க வேண்டும் என்ற பாடம் நடை பழகும் முன்பே சட்டையில் அச்சாகிவிடுகிறது. இதை நம் மரபு என்று யாராவது சொன்னால் அகநானூற்றின் 7ஆம் பாட்டைக் காட்டுங்கள். காதலனோடு போய்விட்ட பெண்ணைத் தேடிப் பாலை வழியே போகும் செவிலித்தாய், எதிர்ப்பட்ட மானிடம் அவளைப் பற்றிச் சொல்கிறாள். கானவன் மகளான அந்தப் பெண்ணின் கழுத்தில் கிடப்பதும் புலிப்பல் கோத்த தாலியே. மகனுக்கு மட்டும் காவல், மகளுக்கு வெறும் அழகு என்று அந்தக் காடு பிரிக்கவில்லை. பிரித்தது கடை, அதை ஏற்றுக்கொண்டது நாம்.

ஒன்று மறக்காமல் சொல்ல வேண்டும். காது வைத்த மொத்தமான பாலியெஸ்டர் உடுப்புகள் குளிர்நாட்டுக்கு ஆனவை. நம் ஊர்ச் சித்திரையில் அதற்குள் கிடக்கும் குழந்தைக்கு வேர்க்குரு மட்டுமல்ல, உடம்புச் சூடும் ஏறும். தூங்கும் குழந்தையின் தலையை மூடவே கூடாது. படம் எடுத்தால் உடனே கழற்றிவிடுங்கள். மற்ற நேரத்துக்குப் பருத்திச் சட்டையில் அச்சிட்ட யானை போதும்.

பின்னலாடைக்கு உலகம் தேடிவரும் திருப்பூர் நம்மிடம் இருக்கிறது. அங்கே உள்ளூருக்குத் தைப்பவர்கள் நம் வரையாட்டையும் தேவாங்கையும் அலுங்கையும் அச்சிட்டுத் தர வேண்டும், ஆண் பெண் என்று அடுக்கு பிரிக்காமல். அதுவரை, மகளுக்குச் சட்டை எடுக்கப் போகிறவர்கள் பையன்கள் அடுக்கிலும் கை வையுங்கள். பல் தெரியும் புலி ஒன்று கிடைத்தால் அவளுக்கு எடுத்து வாருங்கள். மகன் முயலைக் கேட்டால் மறுக்காதீர்கள்.